மோடத்துக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

இணையச் சேவை நிறுவனம் பொருத்திவிட்டுப் போன பெட்டியிலேயே மோடம், வைஃபை எல்லாம் இருக்கிறது. ஆனால் பின்னறைக்கு வைஃபை எட்டுவதில்லை. அதற்காக ஒரு ரவுட்டர் வாங்கி, அந்தப் பெட்டியோடு கேபிளில் இணைத்துப் பின்னறையில் வைத்தேன். இணையம் நன்றாக வருகிறது. பிரிண்டரும் பின்னறையில்தான், புதிய ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது. முன்னறையில் இருக்கும்போது கைப்பேசிக்கு அது தெரிவதே இல்லை. பின்னறைக்குப் போனால் தெரிகிறது. "டபுள் நேட் ஆகிவிட்டது, ஆபத்து" என்கிறார் உடன் வேலை செய்பவர். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பிப்ரவரி 2

கழற்றினால் இணையமே இருக்காது. நீங்கள் வாங்கிய ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிள் மட்டும்தான் புரியும். வீட்டுக்குள் வரும் ஃபைபரையோ, கோஆக்சியல் கேபிளையோ, தொலைபேசிக் கம்பியையோ ஈதர்நெட்டாக மாற்றித் தருவது மோடத்தின் வேலை. ஃபைபர் இணைப்பு என்றால் அந்தப் பெட்டியின் வரிசை எண்ணே பெரும்பாலும் நிறுவனத்தின் பட்டியலில் பதிவாகியிருக்கும். வேறொன்றை மாட்டினால் எதிர்முனை ஏறெடுத்தும் பார்க்காது.

அந்தப் பெட்டிக்குள் மோடம், ரவுட்டர் (வீட்டு நெட்வொர்க்கை வெளியோடு இணைப்பது), சுவிட்ச் (கேபிள் போர்ட்டுகளைப் பெருக்குவது), வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையைப் பரப்புவது) ஆகிய நான்கும் குடியிருக்கின்றன. உங்களுக்குக் குறை நான்காவதில் மட்டும். வாங்கி வந்ததோ பின்னால் உள்ள மூன்றும் சேர்ந்த பெட்டி. ஆகவே வீட்டில் இப்போது இரண்டு ரவுட்டர்கள், இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள். வீட்டுக் கருவிகளின் முகவரியை வெளியே போகும்போது ரவுட்டர் தன் முகவரியாக மாற்றுவதுதான் நேட். அது இரண்டு முறை நடந்தால் டபுள் நேட். புதியதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு, வைஃபையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 2, இரவு

பிரிண்டர் ஏன் தெரியவில்லை என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நிறுவனத்தின் பெட்டியை இனி மோடம் என்றும், நீங்கள் வாங்கியதை ரவுட்டர் என்றும் சொல்கிறேன். முன்னறையில் கைப்பேசி மோடத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறது, பிரிண்டர் ரவுட்டருக்கு உட்புறம் இருக்கிறது. வெளியிலிருந்து தானாக வரும் எதையும் ரவுட்டர் உள்ளே விடாது. மோடத்தின் நெட்வொர்க்கும் அதன் கண்ணுக்கு வெளியுலகம்தான். அதனால் கதவு சாத்தியபடியே இருக்கிறது.

திருப்பிப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். பிரிண்டர் மோடத்தின் பக்கமும் கைப்பேசி ரவுட்டரின் பக்கமும் இருந்தால், பிரிண்டரின் ஐபி முகவரியை நேரடியாகத் தட்டினால் போய்ச் சேரும். ஆனால் "அருகிலுள்ள பிரிண்டர்கள்" பட்டியலில் அது வராது. கைப்பேசி பிரிண்டரைத் தேடும்போது 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒரு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. தொலைக்காட்சிக்கு வீடியோ அனுப்புவது, ஸ்பீக்கரைத் தேடுவது எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பிப்ரவரி 3

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: அவருடைய ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இல்லை. பரவாயில்லை, கையாலேயே செய்துவிடலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது.

முதலில் ரவுட்டரை மோடத்திலிருந்து பிரித்துவிடுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) ஒன்றில் சொருகுங்கள். அமைப்புப் பக்கத்துக்குப் போய் வைஃபையின் பெயர், கடவுச்சொல் இரண்டையும் இப்போதே வைத்துவிடுங்கள். அடுத்து ரவுட்டரின் லேன் முகவரியை மாற்ற வேண்டும். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். சேமித்ததும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். பழைய முகவரியில் இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான். கேபிளை ஒருமுறை பிடுங்கிச் சொருகிவிட்டுப் புதிய முகவரியில் நுழையுங்கள். கடைசியாக டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை, அணையுங்கள்.

டிஹெச்சிபியை முதலில் அணைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேபிளை மறுபடி சொருகும்போது முகவரி கொடுக்க ஆள் இருக்காது. மடிக்கணினி தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ரவுட்டரின் பக்கம் திறக்காது. அப்படி ஆகிவிட்டால் ரீசெட் பொத்தானை அழுத்தத் தேவையில்லை. மடிக்கணினிக்குக் கையால் 192.168.1.50 போல ஒரு முகவரியைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம்.

எல்லாம் முடிந்ததும் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள். "இன்டர்நெட்" என்று எழுதியிருக்கும் தனி போர்ட் காலியாகவே கிடக்கட்டும். நீல நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காக அதில் சொருகிவிடாதீர்கள்.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

ஒருவர் சரியாகவே பிடித்திருக்கிறார்: 192.168.1.2 என்பதை மோடம் வேறு கருவிக்குக் கொடுத்துவிட்டால்? கொடுக்கலாம். பல மோடங்கள் 2-லிருந்து 254 வரை எல்லாவற்றையும் விநியோகப் பட்டியலில் வைத்திருக்கும். மோடத்தின் அமைப்பில் அந்தப் பட்டியலை 100-லிருந்து 200 வரை என்று சுருக்கிவிடுங்கள். சுருக்க விடாத மோடம் என்றால் 192.168.1.254 போன்ற கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விநியோகம் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. மோதாது என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

பிப்ரவரி 4

"லேன் டு லேன் போட்டேன், சில கருவிகளில் இணையம் வருகிறது, சிலவற்றில் இல்லை, அணைத்துப் போட்டால் இடம் மாறுகிறது" என்று இன்னொருவர்.

டிஹெச்சிபி இரண்டிலும் ஓடுகிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி. கருவி "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று கேட்டதும் இருவரும் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் முந்தியவர் சொன்னதே செல்லும். மோடம் முந்தினால் இணையம் உண்டு. ரவுட்டர் முந்தினால் "வெளியே போக என்னிடம் வா" என்று தன்னையே வாசலாகக் காட்டும். அதன் இன்டர்நெட் போர்ட்டோ காலி. அதனால்தான் ஒரு நாள் கைப்பேசி வேலை செய்கிறது, மறுநாள் மடிக்கணினி வேலை செய்கிறது. ஆள்மாறாட்டம் போலத் தோன்றினாலும் காரணம் இவ்வளவுதான். வேலை செய்யாத கருவியில் கேட்வே, அதாவது வாசல், முகவரியைப் பாருங்கள், குற்றவாளி அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார்.

பிப்ரவரி 5

டபுள் நேட் என்றால் பூச்சாண்டி என்பதுபோலப் பேசுகிறார்கள். கொஞ்சம் நிதானம்.

நேட் பற்றிய முதல் ஆவணம், ஆர்எஃப்சி 1631 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் விதிமுறை ஆவண வரிசை), வந்தது 1994 மே மாதத்தில். முகவரிகள் தீர்ந்துபோகும் வேகத்தைத் தள்ளிப்போட ஒரு குறுகிய கால ஏற்பாடு என்றுதான் அதில் சொன்னார்கள். இப்போது அது இல்லாத வீடே இல்லை. வீட்டில் நாம் பயன்படுத்தும் 192.168, 10, 172.16 முதல் 172.31 வரையிலான முகவரிகளெல்லாம் 1996-இன் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கி வைத்தவை. வெளி இணையத்தில் அவற்றுக்கு மதிப்பில்லை. எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டு முறை முகவரி மாற்றினால் என்ன ஆகும்? இணையதளம் பார்க்க, வீடியோ பார்க்க, அஞ்சல் அனுப்ப, வீடியோ அழைப்பு பேச ஒன்றும் ஆகாது. தாமதம் கூடுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவைதான் தடுமாறும்: சில விளையாட்டுகள், வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்ப்பது, வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வீட்டிலேயே விபிஎன் சர்வர் வைத்திருப்பது. அவற்றுக்கு மோடத்திலும் ரவுட்டரிலும் தனித்தனியாக போர்ட் (கேபிள் துளை அல்ல, அமைப்புப் பக்கத்தில் எண்ணிட்ட வாசல்) திறக்க வேண்டும். அல்லது மோடத்தில் டிஎம்இசட் என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், வருவதையெல்லாம் மோடம் அதனிடமே தள்ளிவிடும்.

உண்மையிலேயே வம்பு வரும் இடம் வேறு: மோடமும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1. உள்ளும் வெளியும் ஒரே எண் வரிசை என்றால் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. சில ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே எண்ணை மாற்றிக்கொள்கின்றன. மாற்றாவிட்டால் ரவுட்டருக்கு 192.168.50.1 என்று ஏதாவது கொடுங்கள், போதும்.

பிப்ரவரி 5, பின்குறிப்பு

போர்ட் திறந்து திறந்து அலுத்தவர்களுக்கு: மோடத்தின் நிலைப் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு நேட் வைத்திருக்கிறது. 2012-இல் ஆர்எஃப்சி 6598 இதற்கென்றே அந்த முகவரிகளை ஒதுக்கியது. நீங்கள் வீட்டுக்குள் தலைகீழாக நின்றாலும் வெளியிலிருந்து ஐபிவி 4 என்ற பழைய முகவரி முறை வழியாக நேரே யாரும் வர முடியாது. பொது முகவரி தருவார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ரவுட்டரை நோண்டிப் பயனில்லை.

பிப்ரவரி 7

பிரிட்ஜ் மோட் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

பிரிட்ஜ் மோடில் மோடம் வெறும் மோடமாகிவிடும். ரவுட்டர் வேலை முழுக்க உங்களுடையதற்கு வந்துவிடும். ஒரே நேட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டில் இதற்காக உதவி எண்ணை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவருக்கு அந்தச் சொல்லே புதிது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார், போட்டேன். மறுபடி அணைத்துப் போடச் சொன்னார். மேலிடத்துக்கு மாற்றிய பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தார், பேச்சு சட்டென்று முடிந்தது.

அழைப்பதற்கு முன் இவற்றைத் தயாராக வைத்திருங்கள். பிபிபிஓஇ இணைப்பா (பயனர் பெயர் கொடுத்து நுழையும் வகை)? அப்படியானால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். விலேன் எண் (நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்) உண்டா? அது இல்லாமல் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராது. தொலைபேசி மோடத்தில் சொருகியிருக்கிறதா? பிரிட்ஜ் ஆன பிறகும் அது ஒலிக்குமா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு எனக்கு வந்த கோளாறு விசித்திரமானது. சில தளங்கள் பறந்தன. சில பாதி வந்து நின்றன. பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் ஈதர்நெட்டின் 1500-இல் மிஞ்சுவது 1492தான். ரவுட்டரில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 என்றே நின்றிருந்தது. 1492 என்று மாற்றினேன், எல்லாத் தளங்களும் திறந்தன. இன்னொன்று: நிறுவனம் தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பித்த ஓர் இரவில் மோடம் சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. பிரிட்ஜ் போய் டபுள் நேட். கேமரா வேலை செய்யாதபோதுதான் தெரிந்தது. இப்படியும் நடக்கும் என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பிப்ரவரி 8

மேலே ஆக்சஸ் பாயின்ட் மோடையே எல்லோருக்கும் பரிந்துரைத்திருக்கிறேன். யோசித்தால், இரண்டாவது ரவுட்டரை ரவுட்டராகவே வைப்பது நல்லது என்ற இடங்களும் இருக்கின்றன.

மோடத்தை முழுவதும் நம்பாதவர்கள் முதல் வகை. அதன் சாவி உங்களிடம் மட்டும் இல்லை. டிஆர்-069 என்ற முறையில் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து அமைப்புகளை மாற்றலாம். வசதிக்காக வைத்த அந்த வாசலில் மற்றவர்களும் தட்டுவார்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடுமாறியது. அந்த முறைக்கான 7547-ஆம் போர்ட் வழியாக மிராய் வகை நச்சுநிரல் ரவுட்டர்களுக்குள் நுழைய முயன்றதே காரணம். உங்கள் கணினிகள் உங்கள் சொந்த ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், மோடம் ஹேக் ஆனாலும் இன்னொரு சுவர் மிஞ்சும்.

விலை மலிந்த கேமரா, பேசும் பல்பு, பெயர் தெரியாத பிளக் போன்றவற்றைத் தள்ளி வைக்க நினைப்பவர்கள் அடுத்த வகை. இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். "புது ரவுட்டரில் அவற்றையெல்லாம் அடைத்துவிட்டேன், கணினி மோடத்தில் பத்திரமாக இருக்கிறது" என்கிறார்கள். இது திருடனை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவனிடமே கொடுத்த கதை. உட்புறத்தில் இருப்பது வெளிப்புறத்தைத் தொடலாம். வெளிப்புறத்தில் இருப்பதுதான் உட்புறத்தைத் தொட முடியாது. ஆகவே சந்தேகக் கேஸ்கள் மோடத்தின் வைஃபையிலும், கணினிகள் ரவுட்டருக்குப் பின்னாலும் இருக்க வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. உங்கள் கணினியின் பாக்கெட்டுகள் மோடத்தின் நெட்வொர்க்கைக் கடந்துதான் வெளியே போகின்றன. அங்கே உள்ள கருவி ஒன்று ஹேக் ஆனால் அவற்றை வழிமறிக்க முயலலாம். ஹெச்டிடிபிஎஸ் (தளத்துக்கும் உங்களுக்கும் நடுவிலான மறையாக்கம்) இருக்கும்வரை உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை ஊகிக்க முடியும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால், பல்புகளை அதில் போடுவது இதைவிட எளிது. ஆனால் ஆக்சஸ் பாயின்ட் மோடில் பல ரவுட்டர்களில் கெஸ்ட் காணாமல் போகும், அல்லது பெயருக்கு இருந்தும் எதையும் பிரிக்காது.

பிப்ரவரி 10

வைஃபை பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாமா? ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றால் இருக்கலாம். பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை 1, 6, 11 மட்டுமே. ஒன்றில் 1, மற்றதில் 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இரண்டு ரவுட்டராகவே வைத்திருப்பவர்கள் பெயரை வேறாக வையுங்கள். கருவி நெட்வொர்க் மாறும்போது முகவரியும் மாறி அழைப்பு அறுந்துவிடும். எதில் இருக்கிறோம் என்றாவது தெரியட்டும்.

பெயர் ஒன்றானதும் கைப்பேசி தானே நல்லதற்குத் தாவிவிடும் என்று நம்புகிறார்கள். தாவும், தனக்குத் தோன்றும்போது. எந்த ஆக்சஸ் பாயின்ட் என்று கடைசியில் முடிவு செய்வது கைப்பேசிதான். ஐஃபோன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகே வேறிடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிளின் ஆவணமே சொல்கிறது. என் வீட்டில் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் பேசிக்கொண்டே நடந்தால், ரவுட்டரின் மடியில் உட்கார்ந்த பிறகும் கைப்பேசி தூரத்து மோடத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும். மோடத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒலிபரப்புச் சக்தியைக் குறைத்தேன். அதன் பிறகு நடைவழியிலேயே மாறிவிடுகிறது. வைஃபை பலவீனம் என்று புலம்புகிறவரிடம் சக்தியைக் குறையுங்கள் என்றால் முறைப்பார்கள். முறைத்தாலும் செய்து பாருங்கள்.

பிப்ரவரி 10

ரிப்பீட்டர் வாங்கலாமா என்பவருக்கு: கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால் மட்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் செத்த மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வேகம் இல்லை என்று குறைபடுகிறார்கள். நல்ல சிக்னல் வருகிற இடத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பிரிண்டர் தெரிகிறது, நல்லது. ஆனால் பின்னறையில் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை, மோடத்தின் அருகில் அதைவிடப் பல மடங்கு வருகிறது என்கிறார்.

94 என்ற எண்ணைக் கேட்டதுமே வைஃபையை விட்டுவிடுங்கள். 100 மெகாபிட் இணைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரிக் குறிப்புகளுக்கான செலவு போக மிஞ்சுவது அதுதான். ரவுட்டரின் போர்ட்டுகளே 100 வகையா என்று பெட்டியில் பாருங்கள். மலிவு ரவுட்டர்களில் இன்னும் அப்படி வருகின்றன. கிகாபிட் என்று எழுதியிருந்தால் கேபிள்தான். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்; 100-க்கு இரண்டே போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால், இரு முனையும் பெரும்பாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிப் பேசி முடித்துவிடும். இணையம் வருவதால் யாருக்கும் கேபிள்மேல் சந்தேகம் வராது. என்னிடம் கதவிடுக்கில் நசுங்கிய கேபிள் ஒன்று இப்படித்தான் நெடுநாள் ஏமாற்றிக்கொண்டிருந்தது. முனையில் விளக்கு பச்சைக்குப் பதில் ஆரஞ்சாக எரிந்ததைப் பார்த்துத்தான் பிடித்தேன். விளக்கு நிறத்தின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்; மோடத்தின் நிலைப் பக்கத்தில் அந்தப் போர்ட்டின் வேகத்தையே பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி 14

கேபிள்தானாம். மாற்றிவிட்டாராம்.

பிப்ரவரி 16

ஐபிவி 6 என்ற புதிய முகவரி முறை பற்றி ஒருவர் கேட்கிறார். ஆக்சஸ் பாயின்ட் மோடில் எதுவும் செய்ய வேண்டாம், மோடம் கொடுப்பது அப்படியே போய்ச் சேரும். இரண்டு ரவுட்டர் வைத்திருந்தால் சிக்கல் உண்டு. மோடம் தனக்குக் கிடைத்த முகவரித் தொகுதியிலிருந்து ஒரு பகுதியை ரவுட்டருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நிறுவனம் /56 என்ற அளவிலான தொகுதியைக் கொடுத்திருந்தால் அதில் 256 பகுதிகள் உண்டு, பிரிக்கலாம். ஒரே ஒரு நெட்வொர்க்குக்கான /64 மட்டும் கொடுத்திருந்தால் பிரிக்க ஒன்றுமில்லை. பகுதிகள் இருந்தும் பிரித்துக் கொடுக்கத் தெரியாத மோடங்களும் உண்டு. உள்ளே ஐபிவி 4 மட்டும் ஓடும். பெரும்பாலோர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பிப்ரவரி 19

பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆக்கலாம், அது 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்தது என்றால். நேட் வேலை இல்லாததால் பலவீனமான செயலிகூடத் தாக்குப்பிடிக்கும். டபிள்யூபிஏ 2 என்ற வைஃபை பாதுகாப்பு முறைகூட இல்லாத அளவு பழையது என்றால் மறுபடி பரணுக்கே அனுப்புங்கள். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். தயாரித்தவர் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்தியிருந்தால், அந்த மாதிரிக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2002-இல் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரின் மூலநிரல் வெளியானதிலிருந்து முளைத்த திட்டம் அது. பெயரிலேயே அந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறுவுவதற்கு முன் மாதிரி எண்ணோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வெவ்வேறு சிப் இருக்கும். தப்பானதை ஏற்றினால் ரவுட்டர் எதற்கும் உதவாத செங்கல்.

பிப்ரவரி 22

"வைஃபை எல்லா இடத்திலும் வருகிறது, மோடத்தில் போர்ட் போதவில்லை, அதற்கு எந்த ரவுட்டர் வாங்கலாம்?"

ரவுட்டர் வேண்டாம். சுவிட்ச் வாங்குங்கள், கிகாபிட் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து. சாதாரண சுவிட்சுக்கு அமைப்புப் பக்கமே கிடையாது. மோடத்திலிருந்து ஒரு கேபிளை அதன் எந்தப் போர்ட்டில் வேண்டுமானாலும் சொருகலாம். ஆனால் ஒரே சுவிட்சுக்கும் மோடத்துக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டுவிடாதீர்கள். வேகம் இரட்டிப்பாகாது, பாக்கெட்டுகள் வட்டமடித்து வீட்டு நெட்வொர்க் மொத்தமும் நின்றுவிடும்.